பேட்டரி புதுசு, டைனமோ புதுசு. காடி ஈப்போவுல ஓகே, அப்பா வீட்டுல மட்டும் செத்துப் போகுது. என்னா காரணம்?

சிப்புட் மைவி
திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இப்பத்தான் முதல் தடவ எழுதுறேன். தலை காய்ஞ்சு போச்சு.

காடி மைவி, சின்னக் காரு, 1.3 ஆட்டோ, 2013. செகண்ட் ஹேண்ட்ல வாங்கி மூணு வருசம். நான் வேலை செய்றது ஈப்போ, அப்பா அம்மா இருக்கிறது சுங்கை சிப்புட்டுக்கு உள்ள, லிந்தாங் போற ரோட்டுல ஒரு தீம்பாரு, செம்பனைத் தோட்டம். அம்மாவுக்கு வியாழக்கிழமை வியாழக்கிழமை கோலகங்சார் ஆஸ்பத்திரி. அதனால ஞாயித்துக்கிழமை ராத்திரி காடிய வீட்டுல விட்டுட்டு நான் மோட்டார்ல ஈப்போ திரும்பிடுவேன். வியாழன் காலையில தம்பி அம்மாவ ஏத்திட்டுப் போவான்.

பிரச்சினை அந்த வியாழன் காலைதான். சாவியத் திருப்புனா டக் டக்னு சத்தம், அவ்வளவுதான். சில வாரம் அந்தச் சத்தம்கூட இல்ல.

முதல் கடையில பேட்டரின்னு சொன்னாங்க, மாத்துனேன், 210 வெள்ளி. ஒரு மாசம் கழிச்சு மறுபடி அதே கதை. ரெண்டாவது கடையில டைனமோன்னு சொன்னாங்க, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது அதுதானாம். ரீகண்டிஷன் (பழசச் சரி பண்ணுனது) டைனமோ 380 வெள்ளி. மறுபடி அதே கதை. மூணாவது கடைக்காரர் இன்னொரு பேட்டரி வாங்கச் சொல்றாரு.

எனக்குப் புரியாத விசயம் ஒண்ணு இருக்கு. போன டிசம்பர் லங்காவி போனோம். காடி அஞ்சு நாள் ஈப்போ ஃபிளாட்டுக்குக் கீழ சும்மா நின்னுச்சு. வந்து சாவியப் போட்டேன், ஒரே முறுக்குல எடுத்துச்சு. அப்பா வீட்டுல நாலு நாள் தாங்க மாட்டேங்குது. ஒரே காடி, ஒரே பேட்டரி.

கேரித்தீவு 68
திங்கள், இரவு 10.05

பேட்டரி ரீகண்டிஷனா இருக்கும். மேல புது ஸ்டிக்கர் ஒட்டி விப்பானுங்க. தேதி குத்தியிருக்கான்னு பாரு.

ரொட்டி சானாய் கோசோங்
திங்கள், இரவு 10.11

வீட்டுக்கிட்ட முனீஸ்வரர் கோயில் இருக்கா? சுருட்டு வச்சியா?

சிப்புட் மைவி
திங்கள், இரவு 10.20

பிரதர், கோயில் இருக்கு, வீட்டுக்கு எதுத்தாப்பலயே. அம்மா ஏற்கனவே வச்சிட்டாங்க, எலுமிச்சம்பழம் டயருக்கும் வச்சாச்சு.

பேட்டரியில தேதி குத்தியிருக்கு, நான் வாங்குனதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. புதுசுதான்.

லாரி பத்துச்சக்கரம்
திங்கள், இரவு 10.48

வியாழக்கிழமை செத்தா அப்புறம் எப்படி எடுக்குறீங்க? மைவி ஆட்டோவ தள்ளி எடுக்க முடியாதே.

சிப்புட் மைவி
திங்கள், இரவு 10.55

பழம் ஏத்த வர்ற லாரிய அப்பா கை காட்டி நிறுத்துவாரு. அவங்ககிட்ட கேபிள் இருக்கு, லாரி பேட்டரியில இருந்து ஜம்ப் பண்ணிக் குடுப்பாங்க.

லாரி பத்துச்சக்கரம்
திங்கள், இரவு 10.58

ஐயோ சாமி! நான் ஓட்டுறதே செம்பனைப் பழ லாரிதான். அதுல 12 வோல்ட் பேட்டரி ரெண்ட வரிசையாக் கோத்து 24 வோல்ட்டா வச்சிருப்பாங்க. அந்த 24ஐ அப்படியே மைவில குடுத்தா மூளைப் பெட்டி, ரேடியோ, பல்பு எல்லாம் ஒரே நாளுல போயிடும். இத்தனை தடவ தப்பிச்சிருக்குன்னா அந்த டிரைவர் விவரம் தெரிஞ்சவரு, ஒரே ஒரு பேட்டரியில இருந்து எடுத்துக் குடுத்திருப்பாரு. எல்லா டிரைவரும் அப்படி இருக்க மாட்டாங்க. இனிமே லாரிய நிறுத்தச் சொல்லாதீங்க. பக்கத்து வீட்டு காடி போதும்.

சிப்புட் மைவி
திங்கள், இரவு 11.02

எனக்குக் கையெல்லாம் நடுங்குது அண்ணே. அப்பாகிட்ட இப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டேன். “அவன் எனக்குத் தெரிஞ்ச பையன்தான்”ன்னு சொல்றாரு.

கேரித்தீவு 68
செவ்வாய், காலை 7.30

டைனமோ நல்லதா கெட்டதான்னு பாக்க ஒரு சுலப வழி. எஞ்சின் ஓடும்போது பேட்டரி மைனஸக் கழட்டு. எஞ்சின் நின்னா டைனமோ காலி. ஓடுனா பேட்டரி காலி. எங்க அப்பா காலத்துல இருந்து இப்படித்தான்.

பழைய வயர்மேன்
செவ்வாய், காலை 8.15

கேரித்தீவு தம்பி, உங்கப்பா செஞ்சது சரிதான், அது கார்புரேட்டர் காலம். இப்ப அத யாரும் செய்ய வேணாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியக் கழட்டுனா டைனமோ குடுக்குற மின்சாரத்தத் தாங்குறதுக்கு ஆள் இல்லாமப் போயிடும். வோல்ட் ஒரே துள்ளாத் துள்ளும். அந்தத் துள்ளல்ல ஈசியூ, அதான் மூளைப் பெட்டி, போன காடி எத்தனையோ என் கையில வந்திருக்கு. நான் தைப்பிங்ல 34 வருசம் வயரிங் கடை வச்சிருந்தவன், இப்ப கண்ணு சரியில்லன்னு விட்டுட்டேன்.

சிப்புட் தம்பி, நீ மூணு கடைக்குப் போனதாச் சொல்ற. மூணு கடையிலயும் யாராச்சும் கரண்ட் அளக்குற மீட்டர் வச்சாங்களா?

சிப்புட் மைவி
செவ்வாய், காலை 8.40

இல்லைங்க ஐயா. ஒருத்தர் ஸ்குரூ டிரைவரத் தட்டி நெருப்புப் பொறி பாத்தாரு.

பழைய வயர்மேன்
செவ்வாய், மதியம் 1.10

அதான் விசயம். மருந்து குடுக்கிறதுக்கு முன்னாடி நாடி பாக்கணும். 35, 40 வெள்ளிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கு, ஆம்பியர் 10 வரைக்கும் தனி ஓட்டை உள்ளதா இருக்கணும்.

முதல்ல வோல்ட் பாரு. ஓடி நிறுத்துனவுடனே பாக்காத, அது பொய்க்கணக்கு காட்டும். ராத்திரி நிறுத்தி விடிஞ்சு பாரு. 12.6 இருந்தா வயிறு நெறஞ்சிருக்கு. 12.2ன்னா பாதி. 12க்குக் கீழ போனா கால் பங்குதான், காலையில அடம் புடிக்கும். அப்புறம் எஞ்சின ஓட விட்டுப் பாரு, 13.8ல இருந்து 14.5க்குள்ள நின்னா டைனமோ வேலை செய்யுது.

இது ரெண்டும் சரியா இருந்து, அப்படியும் பேட்டரி இறங்குதுன்னா எதோ ஒண்ணு ராத்திரியில உக்காந்து குடிக்குது. அந்தத் திருடனப் புடிக்கிறதுக்கு ஆம்பியர் பாக்கணும்.

காடிய நிறுத்து, சாவிய எடு, பானட்டத் தொறந்து வச்சிட்டுக் கதவச் சாத்து. டிரைவர் பக்கக் கதவத் தொறந்து வச்சுத்தான் ஃபியூஸ் பெட்டியத் தொட முடியும்னா, கதவு பூட்டோட நாக்க ஸ்குரூ டிரைவரால மடக்கி விடு, கதவு சாத்தியிருக்குன்னு காடி நெனச்சுக்கும். மீட்டரோட சிவப்பு வயர 10 ஆம்ப் ஓட்டையில போடு. மைனஸ் கேபிளக் கழட்டி, கேபிளுக்கும் பேட்டரி மைனஸ் முனைக்கும் நடுவுல மீட்டரக் கோத்து விடு. தண்ணிக் குழாய்க்கு நடுவுல மீட்டர் வைக்கிற மாதிரிதான், போற தண்ணியெல்லாம் அது வழியாத்தான் போகணும்.

உடனே படிக்காத. கேபிளக் கழட்டி மாட்டுனதுல பெட்டியெல்லாம் முழிச்சுக்கும். அரை மணி நேரம் தள்ளிப் போய் தே தாரேக் குடி. அப்புறம் வந்து பாரு. 0.05க்குக் கீழ இருந்தா நல்ல காடி. மேல இருந்தா திருடன் உள்ள இருக்கான்.

ஒண்ணு மட்டும் மறந்துடாத. மீட்டர் கோத்திருக்கும்போது யாரும் சாவியத் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் 100 ஆம்புக்கு மேல இழுக்கும், மீட்டர் தாங்காது.

மீட்டர் வாத்தியார்
செவ்வாய், மாலை 4.25

தெலுக் இந்தானில் பௌதிகம் நடத்துகிறவன். ஐயா சொன்னதோடு ஒரு கணக்கு சேர்த்துக் கொள்ளுங்கள், கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். மைவிக்குப் போடுகிற என்எஸ்40 வகை பேட்டரி ஏறக்குறைய 35 ஆம்பியர்-மணி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் கொடுக்கும். 0.05 ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 1.2 போகும், பாதி காலியாகவே இரண்டு வாரம் ஆகும். அதுவே பின்பெட்டிக்குள் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10. இரண்டு நாளில் கதை முடியும்.

நண்பருடைய காடி ஞாயிறு இரவு முதல் வியாழன் காலை வரை, அதாவது மூன்றரை நாள் தாங்கவில்லை. அப்படியானால் கசிவு கால் ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.

பீடோங் அக்கா
செவ்வாய், இரவு 8.50

ஊடால வர்றதுக்கு மன்னிக்கணும். என் பழைய காடியும் இதே மாதிரி, ஆனா ஒரே ராத்திரியில காலி. ஃபுளோர் மேட்ல பிரேக் பெடலுக்குக் கீழ காஞ்ச சக்கை மாதிரி பழுப்புத் துண்டுங்க கெடந்துச்சு. பையன் பிஸ்கட் தின்னுட்டுப் போட்டதுன்னு கூட்டி அள்ளிட்டேன். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

பழைய வயர்மேன்
செவ்வாய், இரவு 9.15

தங்கச்சி, அது பிஸ்கட் இல்ல! பிரேக் பெடல் மேல வந்து பிரேக் லைட் சுவிட்ச அமுக்குற இடத்துல ஒரு சின்னப் பிளாஸ்டிக் குமிழு இருக்கும். சூட்டுல வருசக்கணக்குல காஞ்சு ஒடஞ்சு உதுந்து போயிடும். அப்புறம் சுவிட்சு ஓட்டைக்குள்ள போயிடும், யாரும் மிதிக்காமலே பிரேக் லைட் எரிஞ்சிட்டே இருக்கும். ராத்திரி காடிக்குப் பின்னாடி போய்ப் பாத்தீங்களா?

பீடோங் அக்கா
செவ்வாய், இரவு 9.32

இப்பத்தான் போய்ப் பாத்தேன் அண்ணே. சுவத்த ஒட்டி ரிவர்ஸ்ல நிறுத்துறதால இத்தன நாளாத் தெரியல. சுவரெல்லாம் செவப்பு!! தீபாவளி மாதிரி இருக்கு.

மீட்டர் வாத்தியார்
செவ்வாய், இரவு 9.40

21 வாட் பல்பு இரண்டு, மூன்றரை ஆம்பியர். ஒரே ராத்திரியில் காலியானதற்குக் கணக்கு சரியாக வருகிறது.

பீடோங் அக்கா
புதன், மதியம் 12.15

பட்டணத்துல 3 வெள்ளிக்குக் குமிழு கெடச்சுது. வீட்டுக்காரரு தலைகீழாப் படுத்து மாட்டுனாரு. முடிஞ்சுது. எல்லாருக்கும் நன்றி. சிப்புட் தம்பி, உன் இழையில புகுந்து என் வேலைய முடிச்சுக்கிட்டேன், கோவிச்சுக்காத.

சிப்புட் மைவி
வெள்ளி, இரவு 10.30

கோவம் இல்ல அக்கா, பொறாமைதான்.

நேத்து மறுபடி செத்துச்சு, பக்கத்து வீட்டு காடில ஜம்ப் பண்ணிதான் அம்மா போனாங்க. இன்னைக்கு வேலை முடிஞ்சு நேரா தீம்பாருக்கு வந்து மீட்டர் வச்சேன். நல்ல செய்தி! எஞ்சின் ஓடும்போது 14.2. டைனமோ ஓகே. ஆம்பியர் வச்சு அரை மணி நேரம் கழிச்சுப் பாத்தேன், 0.00. சுத்தமா ஒண்ணுமே இல்ல. அப்போ கசிவே இல்ல, பேட்டரிதான் கெட்டுப் போச்சுன்னு அர்த்தமா?

பழைய வயர்மேன்
சனி, காலை 6.50

தம்பி, மீட்டர் கோத்திருக்கும்போது யாராச்சும் சாவியத் திருப்புனாங்களா?

சிப்புட் மைவி
சனி, காலை 9.05

நான் வீட்டுக்குள்ள தே குடிச்சிட்டிருந்தப்ப தம்பி வந்து “ஸ்டார்ட் ஆகுதா”ன்னு ஒரு தடவ பாத்தானாம். இப்பத்தான் சொல்றான். எப்படி ஐயா கண்டுபுடிச்சீங்க?

பழைய வயர்மேன்
சனி, காலை 9.20

எந்தக் காடியும் 0.00 காட்டாது. மணிக்கூடு ஓடணும், ரேடியோ சேனல் ஞாபகம் வச்சுக்கணும், அலாரம் முழிச்சிருக்கணும். எல்லாம் கொஞ்சமாச்சும் சாப்பிடும். சுத்தமா சைபர்னா மீட்டருக்கு உள்ள இருக்கிற ஃபியூஸ் எரிஞ்சு போச்சு. பின்பக்கத்தத் தொறந்து புதுசு போடு, அதே அளவு போடணும். வெள்ளித்தாள் சுத்திப் போடாத, அப்படிப் போட்டு ஒரு பையன் விரலச் சுட்டுக்கிட்டான் என் கடையில.

ரொட்டி சானாய் கோசோங்
சனி, காலை 9.41

முனீஸ்வரர் மீட்டர்லயும் கைய வச்சிட்டாரு.

சிப்புட் மைவி
திங்கள், இரவு 8.15

இந்த வாரம் காடி ஈப்போவுலதான் இருக்கு, தம்பி வியாழன் காலையில வந்து எடுத்துக்குவான். மீட்டர் ஃபியூஸ் மாத்திட்டேன். நேத்து ராத்திரி ஃபிளாட்டுக்குக் கீழ, நாப்பது நிமிசம் கழிச்சுப் பாத்தேன். 0.04. ரெண்டு தடவ பாத்தேன், அதேதான். தம்பிய பக்கத்துலயே விடல.

கேரித்தீவு 68
திங்கள், இரவு 8.40

0.04ன்னா நார்மல். அப்ப பேட்டரிதான். நான் மொதல்லயே சொன்னேன்ல.

லாரி பத்துச்சக்கரம்
திங்கள், இரவு 9.02

இல்லன்னா தீம்பாருல எலி கடிச்சிருக்கும். செம்பனைத் தோட்டத்துல எலிக்குப் பஞ்சமே இல்ல, எங்க கம்பெனியில ஆந்தைக்கு மரப்பெட்டி கட்டி வச்சிருக்காங்க எலி புடிக்க. என் லாரில வயரக் கடிச்சு ரெண்டு வயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒரு மாசம் தேடுனேன். எறும்பும் உண்டு, ரிலேக்குள்ள (கரண்டுல வேலை செய்ற சுவிட்சு) கூடு கட்டி ரிலே ஒட்டிக்கும்.

மீட்டர் வாத்தியார்
திங்கள், இரவு 9.30

எலியாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் எலி கடித்த வயர் ஈப்போவில் நல்ல பிள்ளையாக இருக்காது. நண்பர் முதல் பதிவிலேயே விடையின் பாதியைச் சொல்லிவிட்டார்: ஈப்போவில் ஐந்து நாள் தாங்குகிறது, தீம்பாரில் நாலு நாள் தாங்கவில்லை. நாம் ஈப்போவில் அளந்துவிட்டு நோயில்லை என்கிறோம். காய்ச்சல் வருகிறவனை மருந்துக்கடையில் நிறுத்திப் பார்த்தால் என்ன தெரியும்? காடி சாகிற இடத்தில், சாகிற மாதிரியே நிறுத்தி அளக்க வேண்டும்.

இன்னொன்று. அங்கே எங்கே நிறுத்துகிறீர்கள்? எப்போதிலிருந்து இந்தப் பிரச்சினை?

சிப்புட் மைவி
திங்கள், இரவு 9.55

வீட்டுக்குப் பக்கத்துல. தீபாவளிக்குக் கொஞ்ச நாள் கழிச்சு ஆரம்பிச்சது சார். அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் அதே வீட்டுலதான் வாராவாரம் நின்னுச்சு, ஒண்ணும் ஆகல.

பழைய வயர்மேன்
திங்கள், இரவு 10.10

தீபாவளிக்கு என்ன செஞ்ச? புது ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், டாஷ்கேம், லைட்டு? நல்லா யோசிச்சுச் சொல்லு. காடில ஒண்ணும் மாத்தலன்னு சொல்றவங்கதான் நாலு மாத்தியிருப்பாங்க.

சிப்புட் மைவி
திங்கள், இரவு 10.25

சத்தியமா காடில ஒண்ணுமே மாத்தல ஐயா. அப்பாதான் தீபாவளிக்கு முன்னாடி காடிக்குக் கொட்டகை போட்டாரு. மூணு பக்கமும் ஜிங்க் தகரம், மேலயும் ஜிங்க், முன்னாடி மட்டும் தொறந்திருக்கும். குரங்கு வந்து கூரை மேல குதிக்குது, செம்பனைத் தூசி விழுதுன்னு. அதுக்கு முன்னாடி பாடாங் (திடல்) ஓரத்துல வெட்டவெளியில நிக்கும்.

பழைய வயர்மேன்
திங்கள், இரவு 10.31

இத்தன நாளா இதச் சொல்லாம இருந்தியா!

மீட்டர் வாத்தியார்
திங்கள், இரவு 10.50

தம்பி, இந்தக் காடியை யாரிடம் வாங்கினீர்கள்? உங்களுக்கு முன்னால் என்ன வேலை செய்துகொண்டிருந்தது?

சிப்புட் மைவி
திங்கள், இரவு 11.05

ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில. முன்னாடி வாடகைக்கு விடுற காடியா இருந்துச்சுன்னு சொன்னாங்க. அதனாலதான் கொஞ்சம் மலிவாக் கெடச்சுது. ஏன் சார்?

மீட்டர் வாத்தியார்
திங்கள், இரவு 11.12

ஞாயிற்றுக்கிழமை அளந்துவிட்டுப் பேசலாம். முன்கூட்டியே சொன்னால் கண் தேடுவதை மட்டும்தான் பார்க்கும்.

ஒரு வழி மட்டும் சொல்கிறேன். ஃபியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கத் தேவையில்லை. பிடுங்கி மாட்டினால் தூங்குகிற பெட்டி முழித்துக்கொள்ளும். மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து, ஃபியூஸின் தலையில் தெரிகிற இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளிலும் முனைகளை வையுங்கள். கரண்ட் போகாத ஃபியூஸில் 0.0 காட்டும். கரண்ட் போகிற ஃபியூஸில் ஒன்று, இரண்டு மில்லிவோல்ட் காட்டும். எந்த ஃபியூஸ் என்று கண்டுபிடித்த பிறகு அதை மட்டும் பிடுங்கி உறுதி செய்யுங்கள்.

பழைய வயர்மேன்
செவ்வாய், காலை 7.05

வாத்தியார் சொல்றது நல்ல வழி, என் காலத்துல இது தெரியாது, ஒண்ணொண்ணாத்தான் புடுங்குனோம். ஒண்ணு மட்டும் சேத்துக்க தம்பி. எந்த ஃபியூஸ்லயும் ஒண்ணும் காட்டல, ஆனா ஆம்பியர் மேல இருக்குன்னா டைனமோவுக்குள்ள, கரண்ட ஒரே பக்கமா விடுற டயோடு கசியும். அந்தத் தடி வயரு சின்ன ஃபியூஸ் வழியா வராது. உன்னுது ரீகண்டிஷன் வேற. அப்படி வந்தா மைனஸக் கழட்டி வச்சிட்டு, டைனமோ பின்னாடி தடி வயரக் கழட்டி டேப் சுத்திட்டு மறுபடி அளக்கணும்.

சிப்புட் மைவி
ஞாயிறு, மாலை 6.35

பதிவு நீளம், மன்னிச்சுக்கணும். காலையில இருந்து கொட்டகையிலதான் இருக்கேன். அப்பா நாற்காலி போட்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டாரு, யாரும் சாவியத் தொடக் கூடாதுன்னு காவல்.

நாப்பத்தஞ்சு நிமிசம் கழிச்சு மீட்டரப் பாத்தேன். ஒரு நம்பர்ல நிக்கவே இல்ல. 0.12, 0.31, திடீர்னு 0.45, அப்புறம் 0.15. மூச்சு வாங்குற மாதிரி ஏறுது, இறங்குது. பத்து நிமிசம் எழுதி எழுதிக் கூட்டிப் பாத்தா சராசரி கால் ஆம்புக்குப் பக்கம் வருது. சார் முதல் வாரமே சொன்ன அதே கணக்கு!

அப்புறம் ஃபியூஸ். ஸ்டீயரிங்குக்குக் கீழ உள்ள பெட்டியில எல்லாமே 0.0. ஒரே ஒரு 10 ஆம்ப்ல மட்டும் ஒண்ணுல இருந்து மூணு மில்லிவோல்ட் வரைக்கும் ஆடிச்சு. ரேடியோ ஞாபகத்துக்கும் உள் விளக்குக்கும் போறது. அதப் புடுங்குனேன், மீட்டர் 0.01க்கு இறங்கிடுச்சு. அப்பா கை தட்டுனாரு.

ரேடியோதான்னு நெனச்சு ரேடியோவக் கழட்டி வச்சேன். ஃபியூஸ மறுபடி போட்டேன். மறுபடி ஏறி இறங்குது, இந்தத் தடவ இன்னும் அதிகம், அரை ஆம்ப் வரைக்கும் போச்சு. உள் விளக்கு பல்பையும் கழட்டுனேன். அப்பவும் அதே.

அப்புறம் டார்ச் அடிச்சு அந்த வயரப் புடிச்சிட்டே போனேன். கிளவ் பாக்ஸுக்குப் பின்னாடி வேற கலர்ல ஒரு வயரு சேத்து டேப் சுத்தியிருந்துச்சு. இழுத்தா சோப்புக் கட்டி அளவுல ஒரு கறுப்புப் பெட்டி வந்துச்சு. ரெண்டு சின்ன லைட் மினுக் மினுக்குன்னு. தொட்டா சூடு. உள்ள சிம் கார்டு!

மூணு வருசமா என் காடில இருந்திருக்கு. எனக்குத் தெரியவே தெரியாது.

மீட்டர் வாத்தியார்
ஞாயிறு, மாலை 6.58

வாடகைக் காடி என்றதும் இதைத்தான் நினைத்தேன். ஜிபிஎஸ் டிராக்கர். காடியை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று வாடகை விடுகிறவர்கள் ஒளித்து வைப்பது. விற்கும்போது கழற்ற மறந்திருப்பார்கள்.

ஈப்போவில் ஏன் சாகவில்லை என்பது இப்போது புரியும். வெட்டவெளியில் அதற்குச் செயற்கைக்கோள் தெரியும், பக்கத்திலேயே போன் கோபுரம். நான் எங்கே இருக்கிறேன் என்பதை அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். உங்கள் அப்பா போட்ட கொட்டகை மூன்று பக்கமும் ஜிங்க், மேலேயும் ஜிங்க். வானமும் தெரியாது, லிந்தாங் மலைப் பக்கம் கோபுரமும் தூரம். செல்பேசியை லைன் இல்லாத இடத்தில் வைத்தால் சாயங்காலத்துக்குள் பேட்டரி போய்விடுகிறதே, அதேதான். கோபுரத்தைத் தேடித் தேடி முழு பலத்தோடு கத்திக்கொண்டே இருக்கும். மீட்டர் ஏறி இறங்கியது அந்தக் கத்தல்தான்.

ஃபியூஸைத் திரும்பப் போட்டதும் அதிகமானதற்கும் காரணம் உண்டு. உள்ளே சின்ன லித்தியம் பேட்டரி இருக்கும். நீங்கள் பிடுங்கிய நேரத்தில் அதிலிருந்து ஓடியிருக்கும், மாட்டியதும் பசியோடு சார்ஜ் ஏற்றியிருக்கும்.

பழைய வயர்மேன்
ஞாயிறு, இரவு 7.10

சூடா இருக்குன்னு சொன்னியே தம்பி, பெட்டி உப்பியிருக்கா? உப்பியிருந்தா அந்தப் பேட்டரி கெட்டுப் போச்சு, நெருப்புப் புடிக்கும். இப்பவே அந்த 10 ஆம்ப் ஃபியூஸக் கழட்டி வெளிய வை. ரேடியோ பாடலன்னா பரவால்ல.

ஆனா வயர வெட்டிடாத! வாடகைக் காடில போடுறதுல முக்காவாசி எஞ்சின் நிறுத்துற ரிலேயும் சேத்துப் போடுவாங்க. ஸ்டார்ட்டருக்குப் போற வயர நடுவுல வெட்டி அந்த ரிலே வழியா விட்டிருப்பாங்க. கண்ண மூடிக்கிட்டு வெட்டுனா வியாழக்கிழமை காடி எடுக்காது, அப்புறம் முனீஸ்வரரத்தான் கூப்புடணும். சாவி போடுற இடத்துக்குக் கீழ இன்னொரு சின்னச் சதுரப் பெட்டி இருக்கான்னு பாரு.

சிப்புட் மைவி
ஞாயிறு, இரவு 7.40

உப்பியிருக்கு ஐயா. ஃபியூஸ வெளிய எடுத்துட்டேன். சதுரப் பெட்டியும் இருக்கு, நீலக் கலரு, அஞ்சு வயரு.

சந்தேகத்துக்கு இன்னொண்ணும் செஞ்சு பாத்தேன், ஃபியூஸக் கழட்டுறதுக்கு முன்னாடி. காடியக் கொட்டகைய விட்டு பாடாங் ஓரத்துல நிறுத்தி, மறுபடி நாப்பது நிமிசம். சராசரி 0.11. கொட்டகைக்குள்ள இருந்ததுல பாதிகூட இல்ல. அப்பா கொட்டகையவே ஒரு மாதிரி பாத்தாரு, ஒண்ணும் பேசல.

பீடோங் அக்கா
ஞாயிறு, இரவு 8.05

அப்ப மூணு வருசமா நீ எங்கெங்க போறன்னு யாரோ பாத்துட்டே இருந்திருக்காங்களா? எனக்கு அதுதான் பயமா இருக்கு. பேட்டரிய விடு.

கேரித்தீவு 68
ஞாயிறு, இரவு 8.20

சிம்முக்கு யாரு மூணு வருசமா காசு கட்டுறா? சும்மா ஓடிட்டு இருக்கும், யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

பீடோங் அக்கா
ஞாயிறு, இரவு 8.24

பாக்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எஞ்சின நிறுத்துற ரிலே வேற இருக்கு. அம்மாவ ஏத்திட்டுப் போற காடி. நெடுஞ்சாலையில எவனாச்சும் தெரியாம அமுக்குனா?

பழைய வயர்மேன்
ஞாயிறு, இரவு 8.45

தங்கச்சி, அந்த ரிலே பெரும்பாலும் ஸ்டார்ட்டரத்தான் தடுக்கும், ஓடுற எஞ்சின நிறுத்தாது. பெட்ரோல் பம்ப்புல போட்டிருந்தா நிறுத்தும். அதனாலதான் எந்த வயருன்னு பாத்துக் கழட்டணும்கிறேன். பயப்படுறது நியாயந்தான்.

தம்பி, காடி லோன் இன்னும் ஓடுதா? பேங்க் வைக்கச் சொன்ன டிராக்கரா இருந்தா கேட்டுட்டுக் கழட்டு.

சிப்புட் மைவி
புதன், இரவு 9.50

லோன் இல்லைங்க ஐயா, கிரான், அதான் காடிப் பத்திரம், என் பேர்ல. வித்த கடைக்குப் போன் பண்ணுனேன். “ஓ, இன்னும் இருக்கா?”ன்னு சிரிச்சாங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. சிம்ம எடுத்துத் தனியா வச்சிருக்கேன்.

நேத்து வேலை முடிஞ்சு ஈப்போவுல ஒரு வயரிங் கடைக்குக் கொண்டு போனேன். ஐயா சொன்னத அப்படியே சொன்னேன். அந்தக் கடை முதலாளி தவுக்கே என்னய ஏற இறங்கப் பாத்துட்டு “உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”ன்னு கேட்டாரு. தைப்பிங் ஆளுன்னேன். நீல ரிலே ஸ்டார்ட்டர் வயர்லதான் இருந்துச்சு, பெட்ரோல் பம்ப்புல இல்ல. வயர மறுபடி சேத்து ஈயம் ஊத்தி மூடுனாரு. 60 வெள்ளி. அந்த உப்புன பேட்டரிய மட்டும் மணல் வாளியில போட்டுத் தனியா வச்சிட்டாரு.

ராத்திரியே ஓட்டிட்டு வந்து கொட்டகையில நிறுத்தி அளந்தேன். 0.02. ஆடல, அசையல.

பழைய வயர்மேன்
புதன், இரவு 10.15

நல்லது. ஆனா இத்தன தடவ அடி வரைக்கும் இறங்குன பேட்டரிக்கு உள்ள பாதிப்பு இருக்கும். ஒரு தடவ சார்ஜர் போட்டு ராத்திரி முழுக்க மெதுவா ஏத்தி விடு. ஆஸ்பத்திரி ஓட்டத்துல மட்டும் முழுசா நெறையாது. இந்த வியாழன் ஒண்ணும் தெரியாது, ரெண்டு ராத்திரிதான் நின்னிருக்கு. அடுத்த வியாழன் வோல்ட் பாத்துட்டு எழுது.

சிப்புட் மைவி
அடுத்த வியாழன், காலை 7.20

தம்பி அனுப்புன படம்: 12.5. ஞாயிறு ராத்திரில இருந்து கொட்டகையிலதான் நின்னுச்சு. ஒரே முறுக்குல எடுத்துச்சுன்னான். அம்மா கெளம்பிட்டாங்க.

லாரி பத்துச்சக்கரம்
வியாழன், காலை 7.45

அப்பாடா. இனி அப்பா லாரிய மறிக்க மாட்டாரு.

சிப்புட் மைவி
வியாழன், மதியம் 12.40

இன்னைக்கும் மறிச்சாராம் அண்ணே. காடி எடுத்துடுச்சுன்னு அந்தப் பையன்கிட்ட சொல்றதுக்கு. ரெண்டு பேரும் ரோட்டோரத்துல நின்னு அரை மணி நேரம் டிராக்கர் கதை பேசியிருக்காங்க, பின்னாடி மூணு டிராக்டர் ஹாரன் அடிச்சிட்டு நின்னுச்சாம். ஒரு பேட்டரியில இருந்துதான் குடுத்தியான்னு அவன்கிட்ட கேக்கச் சொல்லியிருந்தேன். “பின்ன என்னா, ரெண்டுல இருந்தா குடுப்பாங்க?”ன்னு அவன் சிரிச்சானாம்.

பழைய டைனமோவத் திருப்பித் தர முடியுமான்னு ரெண்டாவது கடையில கேட்டேன். பழைய இரும்புக்குப் போட்டாச்சாம்.